தீர்மானம் ஏழு

வந்தவர்கள் இருநூற்று எண்பத்தொருவர்.
குறிப்பேட்டில் அவ்வளவுதான் எழுதினேன்.
நாற்காலிகள் நூற்றெண்பதுதான் என்பதையும்,
மின்னசோட்டாவின் முதல் பனி
பூட்ஸ்களோடு உள்ளே வந்து
இரும்புத்தூளில் கரைந்து
தரையெல்லாம் செங்குழம்பாய் ஓடியதையும்
எழுதவில்லை.

தீர்மானம் ஏழு:
இந்தத் தேர்தலில் சங்கம் யாரை ஆதரிப்பது.

ஒருத்தி வந்தாள், ஓய்வூதியத்தைக் காப்பேன் என்றாள்.
ஒருவன் வந்தான், ஏரிக்கு வடக்கே
புதுச் சுரங்கம் திறப்பேன் என்றான்.
இருவரும் எங்கள் தலைக்கவசம் அணிந்து
படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
இருவருக்கும் அது தொளதொளவென்றுதான் இருந்தது.

"சகோதரர்களே" என்றுதான் தொடங்கினான் டுவேன் ஹகலா.
என் நுரையீரலுக்கு மருந்து யார் தருவது என்று முடித்தான்.
மிட்ச் ஸ்ட்ருகெல் மேசையைத் தட்டினான்.
என் மகனுக்கு வேலை யார் தருவது?
இரண்டும் நியாயம்.
அதனால்தான் குரல் ஏறியது.
தப்பாகப் பேசுகிறவனுக்கு விட்டுக்கொடுத்துவிடலாம்.

நீண்ட வேலைநிறுத்தத்தின் குளிர்காலத்தில்
ஒரே மானை வெட்டி
இரண்டு வீட்டுக்கும் பங்கிட்டவர்கள்.
யாருக்குத் தொடை, யாருக்கு விலா என்று
இன்றைக்குக் கணக்குக் கேட்டார்கள்.

என் வீட்டில் மட்டும் என்ன.
கணவன் குழாய் பொருத்துகிறவர்கள் சங்கம்;
அவர்கள் போன மாதமே முடிவெடுத்துவிட்டார்கள்.
வாசல் புல்லில் இரண்டு பலகை,
நடுவே தபால் பெட்டி.
தபால்காரர் சிரிக்காமல் கடிதம் போடுகிறார்,
அவர் சங்கத்திலும் இதே கதை.

காப்பித் தகரத்தைக் கவிழ்த்து எண்ணினோம்.
நூற்று நாற்பது.
நூற்று நாற்பது.
ஒன்று வெற்றுச் சீட்டு.
எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்,
என்னைத் தவிர.
பேனா வைத்திருப்பவளை யாரும் சந்தேகிப்பதில்லை.

தீர்மானம் எட்டு:
நிறுவனத்திலிருந்து வந்த கடிதம்.
நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது.

எல்லோரும் போனபின்
காப்பிப் பானையைக் கழுவத் தூக்கினால்
அடியில் கிடந்தது அந்த உறை,
வட்டக் கறையோடு, பிரிக்காமல்.
பிரித்தேன்.
இரண்டாம் உலை. ஜனவரி முதல்.
பின்னிணைப்பாய் மூன்று பக்கம் பெயர்கள்,
அகர வரிசையில்.
ஹகலாவைத் தேட வேண்டியிருக்கவில்லை.
ஸ்ட்ருகெலுக்கு மட்டும்
பக்கம் புரட்ட வேண்டியிருந்தது.

வெளியே நிறுத்தத்தில் இரண்டே வண்டிகள்,
மூக்கோடு மூக்காக.
ஹகலாவின் பேட்டரி குளிரில் செத்திருக்கிறது.
ஸ்ட்ருகெலின் வண்டியிலிருந்து
சிவப்புக் கம்பியும் கருப்புக் கம்பியும்.
ஒருவன் மரங்களைப் பார்க்கிறான்,
ஒருவன் தன் கையுறையை.
பேச்சில்லை. எஞ்சின் இருமுகிறது, அடங்குகிறது,
மறுபடி இருமுகிறது.

கடிதம் என் கோட்டுக்குள்.
கூப்பிட வாய் திறந்தேன்.
முதலில் வண்டி கிளம்பட்டும் என்று
பனியில் நின்றேன்.