இரட்டைக் கண்ணாடி

சீட்டு விழுந்த மாதம் யன்னல் போட்டோம்.
இரண்டு கண்ணாடி, நடுவே ஒரு விரற்கடைக் காற்று,
சுற்றிவரக் கறுப்பு ரப்பர்.
நிஸ்தார் பாஸ் கொளுவியை இறுக்கிவிட்டுச் சொன்னார்:
"இப்ப கேளுங்க."

கேட்க ஒன்றும் இருக்கவில்லை.
பேஸ்லைன் வீதிக் கொண்டெய்னர்கள்
தொட்டி மீன்களாய்ப் போயின.
ஒரு பஸ்காரன் ஹோர்னில் கையை ஊன்றியபடி
யாரையோ ஏசினான். உதடு மட்டும் தெரிந்தது.
மேசையில் குவளைத் தண்ணீர்தான் இன்னும் நடுங்கியது.
அதற்கு அடைப்பு விற்பவர் யாருமில்லை.

யன்னல் அவருக்காகத்தான்.
துறைமுகத்துக்கும் பேலியகொடைக்கும்
இரவெல்லாம் நாற்பதடிப் பெட்டி இழுக்கிறவர்
பகலில் தூங்க வேண்டும்.
ஊரின் நித்திரையைக் கெடுத்த காசில்
தன் நித்திரையை வாங்கியிருக்கிறார் என்றாள்
மூன்றாம் மாடி ரம்யலதா.
சிங்களத்தில் அது இன்னும் சிரிப்பாக இருந்தது.
அவள் யன்னல் மாற்றமாட்டாள்;
முதல் பஸ் உறுமினால்தான்
அவளுக்கு உலை வைக்கக் கை வரும்.
எதிர்வீட்டு சேவியர் வந்து கண்ணாடியைத் தட்டினார், விலை கேட்டார்.
மறுநாளும் வந்து அதே விலையைக் கேட்டார்.
மகளுக்கு ஓ.எல். சோதனையாம்.

சத்தம் போன வீட்டில்
பிரிட்ஜுக்கு இருமல் இருப்பது தெரிந்தது.
நடுச்சாமத்தில் மேல்வீட்டில் யாரோ
தேங்காய் துருவுகிறார்கள்.
பாண் ஓட்டோ பாட்டோடு வந்து
பாட்டோடு போய்விட்டது;
இரண்டு நாள் காலையில் பிஸ்கட்.

ஆனால் இரண்டே முக்கால்.
அந்த நேரத்துக்கு எங்கள் முடக்கில்
அவர் லொறி ஒருதரம் பெருமூச்சு விடும்.
காற்றுப் பிரேக். பிறகு கியர்.
அதற்கு நான் எழும்பியதேயில்லை.
கேட்கிறேன் என்றுகூடத் தெரியாது.
இப்போது இரண்டே முக்காலுக்குக் கண் திறக்கிறது.
கண்ணாடியில் நெற்றி படப் பார்க்கிறேன்:
வெளிச்சங்கள் வாய் பேசாமல் போகின்றன.
எல்லா லொறியும் அவருடையது மாதிரி.
எதுவும் அவருடையதில்லை மாதிரி.

அவரிடம் எப்படிச் சொல்வது?
சீட்டு இன்னும் பதினாலு மாதம் கட்ட இருக்கிறது.

போன செவ்வாய் படுக்குமுன்
பஸ் டிக்கட் ஒன்றை எட்டாக மடித்து
ரப்பர் விளிம்பில் செருகினேன்.
ஒரு நூலளவு வீதி உள்ளே வந்தது,
டீசல் மணத்தோடு.
இரண்டே முக்காலுக்கு என்ன நடந்ததென்று தெரியாது.
தூங்கிவிட்டேன்.

விடிய, அவர் வரமுன் உருவிவிடுகிறேன்.
தூசியை மறந்துவிட்டேன்.
யன்னல் கட்டில் கறுப்பாய் ஒரு கோடு.
விரலால் தொட்டுப் பார்க்கிறார்.
"பாஸ்ட வேலை சரியில்ல," என்கிறார்,
"நிஸ்தாரக் கூப்பிடணும்."

கூப்பிடுவோம் என்று
தேத்தண்ணி ஊற்றுகிறேன்.