காதால் வாங்கிய கால்சட்டை

முதலில் குளிர்பெட்டியை அணைக்கச் சொன்னாள்.
பிறகு வானொலியை.
பிறகு என்னைப் பார்த்தாள்.
நான் பேச்சை நிறுத்தினேன்.

தோல்மினில், ஆற்றுப் பக்கத் தெருவில்,
துப்பாக்கி தவிர வேட்டைக்கு வேண்டிய எல்லாம் விற்கிற கடை.
பதினோரு வருடமாக அங்கே நிற்கிறேன்,
ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.
நிறம் கேட்பார்கள், விலை கேட்பார்கள்,
மழை தாங்குமா என்பார்கள்.
சத்தம் கேட்டவள் இவள் ஒருத்திதான்,
தபால்காரி யெர்த்சா ரூத்தார்.
வாரமெல்லாம் மஞ்சள் மொபெட்டில் கடிதம் போடுகிறவள்,
இலை பழுக்கத் தொடங்கினால்
சனிக்கிழமைகளில் மலையாட்டின் பின்னால் ஏறுகிறவள்.

இலைகள் அச்சிட்ட கால்சட்டை ஒன்றை நீட்டினேன்,
இருப்பதிலேயே விலை கூடியது.
காதோரம் வைத்துத் துணியைத் துணியோடு தேய்த்தாள்.
சர்ரக்.
"மிட்டாய்த் தாள்" என்று திருப்பித் தந்தாள்.
"மலையில் யார் இத்தனை மிட்டாய் தின்கிறார்கள் என்று
ஆடு யோசிக்காதா?"

இரண்டாவது மெத்தென்றிருந்தது. சுத்த ஊமை.
எனக்குச் சந்தோஷம்.
அவளோ பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள்,
சுண்ணாம்புப் பாறையின் சில்லு,
மழை தின்று தின்று அரமாக்கியது.
முழங்கால் பக்கம் நாலு இழுப்பு.
இழை பிரிந்து நின்றது.
(அதற்கும் காசு கொடுத்தாள். அது வேறு.)

மூன்றாவதன் பையில் ஒட்டுப்பட்டை.
பிரித்துப் பார்த்தாள்.
வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.
அதைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளறையில் ஆறு வருடமாக விலைபோகாத லோடன் கம்பளி.
வேகவைத்து, அடித்து, சுருக்கி,
நெய்த தடமே இல்லாமல் ஆனது.
பாசியா சாம்பலா என்று அதற்கே தெரியாது.
கனம். நனைந்தால் ஆட்டு வாடை.
இடுப்பு இரண்டு அங்குலம் பெரிது.
போட்டுக்கொண்டு நடந்தாள்,
குந்தினாள், முக்காலிமேல் ஏறினாள்,
அளவு பார்க்க வந்த பாதிரியாரைச் சுற்றித் தவழ்ந்தாள்.
என்னைக் கண்ணை மூடச் சொன்னாள்.
"இப்போது நான் எங்கே?"
கதவுப் பக்கம் விரல் காட்டினேன்.
என் முதுகுக்குப் பின்னால் சிரித்தாள்.

பித்தளைப் பொத்தான்களை அங்கேயே அறுத்துக்
கொம்புப் பொத்தான் தைத்துக்கொண்டாள்.
மீதிச் சில்லறையை வாங்கவில்லை,
பையில் கிடந்து பேசுமாம்.
நூல்கண்டாகக் கொடு என்றாள்.

நவம்பரில் வந்தாள், மூடுபனி கூடவே வந்தது.
குட்டைப் பைன் பிசின் தொடையெல்லாம்.
ஒரு கிழிசல் இல்லை.

ஆடு?

"முப்பது அடி. காற்று என் முகத்தில்.
இரண்டு மணி நேரம் சரளையில் வயிற்றால் போனேன்,
துணி வாய் திறக்கவில்லை.
மண்டியிட்டேன், துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்தேன்,
டொக்.
என் வலது முழங்கால்.
ஐம்பத்திரண்டு வயது.
அது நிமிர்ந்து பார்த்தது,
மூக்கால் ஒரு விசில் அடித்தது,
அப்புறம் பாறை மட்டும்தான் இருந்தது."

முழங்கால் விற்கிறாயா என்றாள்.
எந்த அளவு என்று கேட்டேன்.
கல்லாப்பெட்டிமேல் கை ஊன்றிச் சிரித்தாள்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு
ஒரு ஜோடி காலுறை வாங்கிப் போனாள்.

அன்றிரவு கடை பூட்டி நடக்கும்போது கேட்டேன்,
என் மழைக்கோட்டை.
சர்ரக், சர்ரக்.
ஒவ்வொரு கை வீச்சுக்கும் ஒரு மிட்டாய்.
பதினோரு வருடமாக இந்தத் தெரு முழுக்க
நான் வருவதற்கு முன்பே வந்திருக்கிறேன்.

பாலத்தில் நின்று கோட்டைக் கழற்றினேன்.
குளிர் உடனே உள்ளே வந்தது.
கீழே, கற்களுக்கு நடுவே,
ஏதோ ஒன்று தண்ணீர் குடிக்கிற ஓசை,
நாக்கு, நிறுத்தம், நாக்கு.
எது என்று பார்க்க மெல்லக் குனிந்தேன்.

சாவிக்கொத்து.