பாடபேதம்

பரேலில் மூன்றாம் மாடி.
மெழுகுக்குள் உறைந்த சதையை
நாலு மைக்ரான் கனத்தில் சீவுகிறேன்.
வெந்நீர்த் தொட்டியில் விழுந்ததும்
பாலாடை போல் விரிந்து மிதக்கும்.
கண்ணாடிச் சில்லைச் சாய்த்து ஏந்த வேண்டும்.
பெருமூச்சு விட்டால் மடிந்துவிடும்.
இருபத்திரண்டு வருஷமாய்
அளந்துதான் மூச்சு விடுகிறேன்.

பெயர் கிடையாது, எண் உண்டு.
சி-417. ஆண். மலக்குடல். வயது முப்பத்தொன்று.
வயதை மட்டும் இரண்டு முறை படித்தேன்.
சி-422, இருபத்தெட்டு.
சி-430, முப்பத்து நாலு.
நான் படித்த புத்தகத்தில்
இது அறுபதைத் தாண்டியவர்களின் நோய்.
எழுதியவர்கள்
இந்த ஊர் லோக்கலில் ஏறியிருக்க மாட்டார்கள்.

எல்லாருடைய தாளிலும்
கையெழுத்து வேறு, வரி ஒன்று:
பதினொரு மாதம் மூலம் என்று வைத்தியம்.
எட்டு மாதம் மூலம் என்று வைத்தியம்.
ரத்தம் போனால் மூலம்.
களிம்பு தடவு, காரத்தைக் குறை,
உட்கார்ந்தே வேலை பார்க்காதே.

மூலம்.
இங்கேயும் எனக்கு வாயில் வருவது அந்தச் சொல்தான்.
எழுத்துகளைப் படிக்கிற இயந்திரம்
ஒவ்வொருவரையும் ஒரு மூலத்தோடு வைத்துப் பார்க்கிறது.
அது கடலுக்கு அப்பால்
யாரோ சிலர் கொடுத்த ரத்தம்.
அதன் கணக்கில்
இந்த நாடே பாடபேதம்.

ஏடு பெயர்த்தெழுதுகிறவன்
கண் சொருகும் நேரத்தில்
ஓரெழுத்தை மாற்றிவிடுவான்.
அடுத்தவன் அதை நம்பி எழுதுவான்.
குடலின் உள்தோல்
நாலைந்து நாளுக்கொரு முறை
தன்னையே பெயர்த்தெழுதிக்கொள்கிறது,
விளக்கில்லாமல், சரிபார்க்க நேரமில்லாமல்.
மூன்றெழுத்துச் சொற்களில் பன்னிரண்டாவதில்
ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ.
அவ்வளவுதான்.
‘போதும்’ என்று சொன்னால்
செல்லுக்குக் கேட்பதில்லை.

சில பிழைகளுக்கு உரை உண்டு:
இந்த மருந்து பலிக்காது, அதைக் கொடு.
பலவற்றுக்கு எதிரே ஒரே குறிப்பு:
பொருள் விளங்கவில்லை.
விளங்காததை விளங்கவில்லை என்று எழுதிப் போன
உரைகாரர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.
செவ்வாய்க்கிழமை வரை இருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் பர்வே கீழே அழைத்தார்.
தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமாம்.
முப்புடாதி. தாராவி, தொண்ணூறடி ரோடு.
தோல்பைக்கு வார் தைக்கிற பட்டறை.
சி-417இன் தங்கை.
அவனுக்கு லிங்கத்துரை என்று பெயர் இருந்தது
அன்றைக்குத்தான் தெரியும்.
மழை தொடங்குமுன்பே போய்விட்டான்.

கட்டியில் முளைத்தது அல்ல,
அவன் பிறக்கும்போதே கொண்டுவந்த இன்னோர் எழுத்து
இவள் ரத்தத்திலும் இருக்கிறது.
டாக்டரின் ஹிந்தியை
எந்தத் தமிழில் சொல்வது?
“இருக்கும்மா. ஆனா அது கெடுதலா,
சும்மா ஒரு மச்சம் மாதிரியா,
இன்னும் யாருக்கும் தெரியல.”

“எப்பத் தெரியும்?”

“உன்னை மாதிரி நெறைய பேரைப் படிக்கணும்.”

சற்று நேரம் ஃபேன் மட்டும் பேசியது.
வலது ஆள்காட்டி விரலில்
ஊசி ஏறிய பழைய தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.
“படிங்க. தெரிஞ்சா போன் போடுங்க.
நம்பரை மாத்தவே மாட்டேன்.”

படிவத்தின் ஓரத்தில் பத்து இலக்கம்.
நின்றுகொண்டே எழுதினாள்,
பட்டறையில் அரை நாள்தான் லீவு.

மாலையில் பதிவேட்டில் அதைப் பெயர்த்தெழுதினேன்.
ஏழாவது இலக்கம்
ஒன்றா, ஏழா?
பரேல் ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் வந்து,
சயான் வண்டியை விட்டுவிட்டுத்
திரும்ப மூன்று மாடி ஏறினேன்.
ஒன்று வைத்துப் போட்டால்
யாரோ மராத்தியில் எரிந்து விழுந்தார்.
ஏழு வைத்தேன்.
இரண்டாம் மணியிலேயே எடுத்துவிட்டாள்.
பின்னால் தையல் மெஷின்கள்.

“அதுக்குள்ள தெரிஞ்சிட்டா?” என்றாள்.