முதல் ஓட்டை

சோமனூரிலிருந்து போன்.
"ஏனுங் அம்மணி, உங்க கேமராப் பெட்டி
காலையில முதல் ஓட்டைய மட்டும்
ரண்டுன்னு எண்ணுதுங்க.
சித்தெ வந்து பாத்துட்டுப் போறீங்ளா?"

சென்னியப்பன். பதினாறு தறி, காடாத்துணி.
சோமனூருக்கு நான்
ஒரு பெட்டிகூட விற்றதில்லை.

ஆனால் அந்த இரண்டு என்னுடையது.
போன ஆடியில், கணபதிப் பட்டறை மாடியில்,
இரவு இரண்டரை மணிக்கு
எண்ணியைப் பூச்சியமாக்க மறந்த ஒற்றை வரி.
விற்ற பதினொன்றிலும் திருத்தியாயிற்று.
களவு போனது
திருத்துவதற்கு முந்தைய நான்.

போய்த் திறந்தேன்.
பலகை வேறு, திருகாணி மட்டம்,
நடுவில் அதே சில்லு.
அதற்கு நினைவு நிற்காது.
கரண்ட் போனால்
தான் யாரென்பதே போய்விடும்.
வந்ததும் பக்கத்து எட்டுக்கால் சில்லு
நீ இன்னார்,
இந்தக் கம்பி அங்கே போகும்,
இந்தக் கதவு இப்போது திறக்கும் என்று
முழுசையும் ஒப்பிக்கும்.
உரக்க.
ஒரு கிளிப்பைக் கவ்வ விட்டு
எவன் உட்கார்ந்தாலும் கேட்கலாம்.
அதுவும் போதாதென்று
என் பலகை ஓரத்தில் ஐந்து செம்புப் பொட்டு:
கோளாறென்றால் சுருக்க நுழைந்து பார்க்க
நானே தாழ் போடாமல் விட்ட
பொடக்காலிக் கதவு.

"இது கள்ளப் பெட்டிங்க" என்றேன்.
"பில்லு இருக்குதுங்களே."
இருந்தது. வரி எண் உள்பட.
"பெட்டி யாருதோ இருக்கட்டும்.
தப்பு உங்குளுதுதானுங்களே?"

பேருந்தில் அதையே மென்றுகொண்டு வந்தேன்.

அன்றிரவு சாவியை எரித்தேன்.
இருநூற்றைம்பத்தாறு இடம்,
சிலதில் மயிரிழை உருகி அறும், சிலதில் அறாது;
அறுந்தது திரும்ப ஒட்டாது.
இனி எட்டுக்கால் ஒப்பிப்பது
சில்லுக்கு மட்டும் விளங்கும் உளறல்.
ஐந்து பொட்டும் செத்தன.
திரையில் கேட்டது: உறுதியா?
கை நின்றது.
கோளாறென்றால் இனி எனக்கும் வழியில்லை.
அடித்தேன்.

வியாழக்கிழமை மறுபடி சோமனூர்.
பூட்டில்லாத அந்தப் பெட்டிக்குள்
கள்ளன் போன தடத்திலேயே போனேன்,
அவனுக்கு வாய்த்த அதே கிளிப் கையில்.
ஒரு வரி. ஒரே வரி.
அணைத்துப் போட்டு,
கிழிசல் துணியைக் கேமராவுக்கடியில் இழுத்தார்.

ஒன்று.

பேருந்துக்கென்று இருநூறு ரூபாய் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.