கழிவு: இல்லை

வேலூரிலிருந்து வந்த பெட்டியில் பன்னிரண்டு குப்பிகள்.
குப்பிக்குப் பத்துப் பேர்.
ஏழே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
எட்டு மணிக்குக் கைபேசியில் பட்டியல் வந்துவிட்டது
ஒன்றியச் செயலாளர் வீட்டிலிருந்து.
தொண்ணூறு பெயர்கள். சிலவற்றுக்குப் பெயரே இல்லை,
‘அரிசி மில்’, ‘டிரைவர் சம்சாரம்’, ‘நம்ம ஆள் இரண்டு’.

புங்கந்தாங்கல் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில்
விடியும் முன்பே செருப்புகள் வரிசையில் நின்றன,
ஆட்கள் புளியமரத்தடியில்.
மே மாதம். வேலூர் வெயில். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அவர் வந்து தொடங்கிவைக்கும் வரை
ஒரு குப்பியும் திறக்கக் கூடாது என்றார் டாக்டர்,
என் முகத்தைப் பார்க்காமல்.
அவருடைய இடமாற்ற உத்தரவு
கையெழுத்துக்காக ஒரு மேசையில் கிடந்தது.
யார் மேசை என்று ஊருக்கே தெரியும்.

பேனருக்குக் கம்பு ஊன்ற வந்தவர்கள்
செருப்புகளை ஓரமாகத் தள்ளினார்கள்.
யார் செருப்பு யாருக்கு முன்னால் என்று
அப்புறம் ஒரு மணி நேரம் சண்டை.
இருபத்து மூன்று வருடமாய் ஊசி போடுகிறேன்,
தட்டம்மைக்கு, ரணஜன்னிக்கு, நாய்க்கடிக்கு.
மருந்து தந்த வள்ளல் என்று
ஒரு முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்தது அன்றுதான்.

ஒன்றே காலுக்கு வந்தார்.
கரை வேட்டிகள் வாசலை அடைத்தன.
சட்டைக் கையை மடித்து, கேமரா பக்கம் திரும்பி,
‘பஞ்சை மட்டும் வை, சிஸ்டர்’ என்றார்.
இரண்டு தவணையும் அவர் எப்போதோ போட்டுக்கொண்டாயிற்று.

தொண்ணூறு போனது. செருப்புகளுக்கு முப்பது.

குப்பியில் பத்து என்றுதான் எழுதியிருக்கும்.
கம்பெனிக்காரன் ஒரு பொட்டுக் கூட ஊற்றியிருப்பான்.
சாய்த்துப் பிடித்து, காற்றுப் புகாமல்,
கை நடுங்காமல் இழுத்தால்
பதினோராவது ஆளுக்கும் வரும்.
எந்த வீட்டிலிருந்தும் எண்ணி அனுப்பாத ஊசி.
பன்னிரண்டு குப்பியில் பன்னிரண்டு.

வெள்ளச்சிக்கு ஒன்று.
மலையில் சாமை விதைக்கிறவள்,
மூன்றரை பஸ்ஸை விட்டால் ராத்திரி இங்கேதான்.
தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நிற்கிற
இருதயராஜுக்கு ஒன்று.
கைபேசி எண் கேட்டது கணினி. அவர்களிடம் ஏது?
ஒரு எண்ணில் நான்கு பேரைச் சேர்க்கலாம்.
என் எண்ணில் நான்கு, கம்பவுண்டர் தயாளன் எண்ணில் நான்கு,
கூட்டிப் பெருக்கும் ரமீஜா எண்ணில் நான்கு.

முப்பத்தோராவது செருப்புக்காரன் ஜன்னல் கம்பியைப் பிடித்தான்:
‘அவங்கள்லாம் யாரு உனக்கு?’

ரமீஜா வாளியை வைத்துவிட்டுச் சொன்னாள்,
‘இதுவும் ஒரு லிஸ்ட்டுதானே, சிஸ்டர்.’
நான் ஊசியை உடைத்துக் குப்பையில் போட்டேன்.
பதில் என்னிடம் இல்லை. இன்றும் இல்லை.

பதிவேட்டில் ‘கழிவு’ என்றொரு கட்டம்.
இல்லை என்று எழுதினேன்.
கழிவே இல்லாத நிலையம் என்று மாவட்டத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ்.
செயலாளர் கையால் வாங்கினேன்.
இன்னொரு படம். நான் சிரித்திருக்கிறேன் அதில்.

எண்பத்து நான்கு நாள் கழித்து என் கைபேசி சொன்னது:
வெள்ளச்சி, உங்கள் இரண்டாம் தவணை நாள் வந்துவிட்டது.
பெட்டி வரவில்லை.
தேர்தல் சூடு ஏறியிருந்த பக்கத்து ஒன்றியத்துக்கு
அது திரும்பிவிட்டதாம்.

அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை.
மலைக்குக் காய்கறி வண்டி போகும்போதெல்லாம்
ஓட்டுநரிடம் சொல்லியனுப்புகிறேன்:
செவ்வாய்க்கிழமை வரச் சொல்.
வரிசையில் செருப்பை விட வேண்டாம்.
காலில் போட்டுக்கொண்டே
பின்வாசல் பக்கம் நிற்கச் சொல்.