காற்றுக்கு ஒரு குழாய்

முனிரத்தினம் எழுதிக் கொடுத்த சீட்டு
சிமெண்ட் மூட்டையில் கிழித்த காகிதம்.
நாலு இன்ச் பைப் மூணு,
டோர் பெண்ட் ரெண்டு, டீ நாலு,
நகானி ட்ராப் ஒண்ணு, சாதா.
எழுத்தெல்லாம் ஒரு பக்கமாய்ச் சரிந்து
தண்ணீருக்கு வேண்டிய வாட்டத்திலேயே இருந்தது.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோட்டுக் கடை.
கவுன்ட்டரில் தஸ்லீமா.
சீட்டை மேலிருந்து கீழே படித்தாள்,
பிறகு கீழிருந்து மேலே.
"தண்ணி போக வழி எழுதியிருக்காரு.
காத்து வர வழி எங்கக்கா?"

கக்கூஸுக்கு எதுக்குக் காத்து என்றேன்.
மாங்கூழ் கம்பெனியில் பன்னிரண்டு சீசன்
கால் கடுக்க நின்று சேர்த்த காசு.
ஒரு எல்போ கூடுதலாக வாங்கவும் மனசில்லை.

அவள் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து
வாளியில் கவிழ்த்தாள்.
குடுக். குடுக். குடுக்.
"இறங்கணும்னா அதுக்கும் மூச்சு வேணும்.
மேல வழி இல்லைன்னா
ட்ராப்புல நிக்கிற தண்ணியை இழுத்துக் குடிச்சிரும்."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

பழையபேட்டை வாடகை வீட்டில்
மாடியில் யார் ஃப்ளஷ் இழுத்தாலும்
எங்கள் குளியலறைத் தரைக்குள்
யாரோ தொண்டையைக் காறுவார்கள்.
பின்னாலேயே நாற்றம்.
பினாயில் ஊற்றினேன். ஆசிட் ஊற்றினேன்.
விரலிடுக்கு வெந்துபோகத் தேய்த்தேன்.
வீட்டுக்காரம்மா படியில் நின்று
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பாள்,
"என்ன சமைச்ச இன்னைக்கு?"
ரசம் என்பேன்.
"உங்காளுங்க வீட்டு ரசமே இப்படித்தானோ"
என்று சிரிப்பாள்.
கருவாடு வாங்குவதை நிறுத்தினேன்.
அப்புறம் கறி.
மகன் பள்ளிக்கூடச் சட்டையை
முகர்ந்து பார்த்துப் போட்ட காலையில்தான்
வீட்டைக் காலி செய்தோம்.

ஆறு வருஷம்.
இல்லாமல் போனது
ரெண்டரை இன்ச்சில் ஒரு பைப்.
நாங்கள் எங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

கண் கலங்கவில்லை. விலை கேட்டேன்.

நாலு டீயில் ரெண்டை ஒய் ஆக்கினாள்.
படுக்கைப் பைப்பில் நேராக முட்டக் கூடாதாம்,
தோள் சாய்ந்து சேரணுமாம்.
சாதா நகானியை ஒதுக்கிவிட்டு
ஆழமான ஒன்றை நீட்டினாள்,
விரலை விட்டுப் பாருங்க என்றாள்.
"இந்த ரெண்டு இன்ச் தண்ணிதான்
உங்களுக்கும் டேங்குக்கும் நடுவுல கதவு.
ஊருக்குப் போய்ட்டு வந்தா
முதல்ல ஒரு மக் ஊத்துங்க, வெயில்ல காஞ்சிருக்கும்."
பிறகு வென்ட் பைப்,
மொட்டைமாடிச் சுவரைத் தாண்டுகிற உயரத்துக்கு.
அதன் தலைக்கு ஒரு கவுல்.
ஆயிரத்துச் சொச்சம் கூடியது.

முனிரத்தினம் பைப்பைப் புரட்டிப் பார்த்தார்.
"பேட்டையில எவன் வீட்லயும் இது இல்லம்மா."
தெரியும்ணா என்றேன்.

பால் காய்ச்சிய ராத்திரி
எல்லோரும் தூங்கிய பிறகு
ஃப்ளஷை இழுத்துவிட்டுத்
தரையில் காது வைத்துப் படுத்தேன்.
ஒன்றுமில்லை.
இன்னொரு தரம் இழுத்தேன், தண்ணீர் வீண்தான்.

ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாடு.
ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.
பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல்,
"என்னங்க இன்னைக்குக் குழம்பு?"
மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிறாளா என்று
எட்டிப் பார்த்தேன்.
தெரியவில்லை, சுவர் உயரம்.
கருவாட்டுக் குழம்பு என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.