ஏழாம் எண் ரைஃபிள்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
கைவிட்ட கல்குவாரியில் எங்கள் ரேஞ்ச்.
வடக்கே பாறைச் சுவர். ஐம்பது மீட்டர்.
குறுக்கே கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காற்று
சீட்டு காட்டாமல் எல்லை தாண்டும்.

கிளப் ரைஃபிள்களில் ஏழாம் எண்ணை
யாரும் தொடுவதில்லை.
மூன்றாவது வெடி முடிந்ததும்
அடுத்த தோட்டா அறைக்குள் நுழையாமல்
மூக்கை இடித்துக்கொண்டு நிற்கும்.
"அதுக்குக் கிறுக்கு" என்றார் ஸ்டோர்காரர் ரெஜிமோன்.

கிறுக்கு என்று எழுத
என் நோட்டில் பத்தி இல்லை.
எடைமேடையில் வேலை எனக்கு.
சரக்கு என்னவென்று டிரைவர் சொல்வதைக் கேட்பேன்,
பிறகு மேடையில் ஏற்றுவேன்.
தேதி, காற்று, பெட்டியின் லாட் எண்,
எந்த மேகசின், எத்தனையாவதில் அடைப்பு, காரணம்:
ஆறு பத்தி, கோடு போட்டு.

இருபத்திரண்டு தோட்டாவில்
தீமருந்து இருப்பது விளிம்பில்.
ஊசி ஓரத்தைக் கொத்த வேண்டும்.
அங்கே மருந்து பரவாமல் போயிருந்தால்
வெறும் டிக்.

விலைகூடிய மேட்ச் தோட்டா
போன துளையிலேயே போகும்,
ஆனால் பூட்டைப் பின்னுக்குத் தள்ளத் தெம்பில்லை.
வேகத் தோட்டா தடதடவென்று தள்ளும்,
அட்டையில் அம்மை வார்க்கும்.
இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடி
ஆறு மாதச் சம்பளத்தில் பாதியை
ஈயமாக்கிப் பாறைக்குக் கொடுத்தேன்.
கிடைத்தது, சாம்பல் நிறப் பெட்டியில்.
அந்த லாட்டில் பதினொரு பெட்டிதான் மிச்சம்.

அடைப்பு மட்டும் போகவில்லை.
கூட்டிப் பார்த்தேன்: நாற்பத்தொன்று.
அதில் முப்பத்தாறு இரண்டாம் மேகசினில்.
அதன் உதடு ஒன்று
மயிரிழை விரிந்திருந்தது.
யாரோ சிமெண்டுத் தரையில் தவறவிட்டு
சத்தமில்லாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள்.
ரெஜிமோனிடம் நீட்டினேன்.
வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"போன ஓணத்துக்கு முன்னாடி" என்றார்.
நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மிச்ச ஐந்துக்கு
அறையின் வாயில் ஒரு கரிவளையம்.
அதை மட்டும் சுரண்டினேன்.
குழலைத் தொடவில்லை.
தேய்த்துப் பளபளப்பாக்கினால்
மறுபடி மெழுகு படியும்வரை
குண்டு ஊர் சுற்றும்.
பழகின தோசைக்கல்லை
யாராவது சோப்புப் போட்டுக் கழுவுவார்களா?

இன்று மார்கழி ஞாயிறு.
கம்பத்துச் சிவப்பு நாடா சற்றே ஓய்ந்து தொங்கியபோதெல்லாம்
ஒவ்வொன்றாக, ஒன்பது.
ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்.
பின்னால் ரெஜிமோன் மூச்சு விடவில்லை.

பத்தாவதுக்கு நாடா நீட்டி நின்றது.
தொங்கும்வரை பொறுத்திருக்கலாம்.
பூட்டு வழுக்கிக்கொண்டு திறந்து மூடிற்று,
வெற்றுக்கூடு சரளையில் விழுந்து கிணுங்கிற்று,
எல்லாம் சரியாக.
ஒரு விரற்கடை மேற்கே,
பாலக்காட்டுப் பக்கம், தனியாக ஒரு துளை.

அடைப்புப் பத்தியில் பூஜ்யம் போட்டேன்.
காரணப் பத்தியில்
பவுலின் என்று எழுதினேன்.